சிறிய கேமராவில் ஃபில்டர்: தேவையும் மிகையும்

லென்ஸின் முன்னே பொருத்தப்பட்டு, ஒளியின் ஒரு பகுதியைத் தடுத்து மற்றதை உள்ளே விடும் கண்ணாடித் தகடான ஃபில்டர், படச்சுருள் காலத்து நிலக்காட்சிக் கலைஞர்களுக்குத் தவிர்க்க இயலாத கருவியாக இருந்தது. ஆன்செல் ஆடம்ஸ் 1927-இல் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையைப் படமெடுத்தபோது முதலில் மஞ்சள் ஃபில்டரையும், பின்னர் அடர்சிவப்பு ஃபில்டரையும் பயன்படுத்தினார். சிவப்புக் கண்ணாடி வானத்தின் நீல ஒளியைத் தடுத்ததால், பாறைக்குப் பின்னால் வானம் ஏறத்தாழக் கருமையாகவே பதிந்தது. இன்றைய கேமரா சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றைத் தனித்தனியே பதிந்துகொள்வதால், அதே விளைவைக் கணினியில் பெருமளவு பின்னர் உருவாக்கிவிடலாம். எனவே சட்டைப்பையில் அடங்கும் சிறிய கேமராவுக்கு எந்த ஃபில்டர் தகும் என்பதை, அதன் வேலையைப் படமெடுத்த பிறகு வேறு வழியில் செய்ய முடியுமா என்ற ஒரே கேள்வியால் அளப்பது பொருத்தமாகும்.

இந்த அளவுகோலில் முதலில் விழுவது புறஊதா ஃபில்டர். படச்சுருள் புறஊதாக் கதிரை உணர்ந்ததால் அன்று அதற்குப் பயன் இருந்தது. இன்றைய சென்சாரின் முன்பே அக்கதிரைத் தடுக்கும் தகடு இருப்பதால், அது லென்ஸுக்குக் காப்பாக மட்டுமே எஞ்சுகிறது. சூரியன் சட்டத்துக்குள் வரும் படங்களில், அதன் கூடுதல் கண்ணாடிப் பரப்புகள் வீணான ஒளிப்புள்ளிகளையும் உண்டாக்கும்.

போலரைசரின் நிலை முற்றிலும் வேறு. நீர்ப்பரப்பு, ஈர இலை, நனைந்த பாறை ஆகியவற்றில் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்கிறது. இயற்பியல் இதைத் தளவிளைவு என்கிறது. லென்ஸின் முன் சுழற்றப்படும் போலரைசர் அந்தத் தளத்து ஒளியை மட்டும் தடுக்கிறது. நீரைப் பொறுத்தவரை, செங்குத்திலிருந்து ஏறத்தாழ 53 பாகைக் கோணத்தில் விழுந்து தெறிக்கும் ஒளியில் இந்தத் தளவிளைவு முழுமை பெறுகிறது. தென்மேற்குப் பருவமழையில் நனைந்த வால்பாறைத் தேயிலைச் சரிவைச் சாதாரணமாகப் படமெடுத்தால், ஒவ்வோர் இலையும் மேகமூட்ட வானத்தை வெளிறிய பளபளப்பாகத் திருப்பிக் காட்டுவதால், கண்முன் இருக்கும் பச்சை படத்தில் பாதிகூட வருவதில்லை. அந்தப் பளபளப்பு நீங்கியதும் இலையின் சொந்த நிறம் வெளிப்படுகிறது. கணினியில் நிறச்செறிவைக் கூட்டினாலும் பளபளப்பும் சேர்ந்தே கூடுமே தவிர, அதன் அடியில் மறைந்து பதிவாகாமல் போன பச்சை திரும்பி வராது. போலரைசருக்கு இணையான மென்பொருள் இல்லை என்று உறுதியாகக் கூறலாம்.

இதற்கும் குறைகள் உண்டு. ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை ஒளி குறையும். ஒரு ஸ்டாப் என்பது ஒளி பாதியாவதைக் குறிக்கும். சூரியனுக்குச் செங்கோணத் திசையில் மட்டுமே வானம் மிக ஆழமாகக் கருப்பதால், சிறிய கேமராக்களில் பரவலாகக் காணப்படும் 24 மி.மீ.க்கு இணையான அகன்ற கோணத்தில், அதாவது கிடைமட்டமாக 74 பாகை விரியும் காட்சியில், நீலவானத்தின் நடுவே கரும்பட்டை ஒன்று விழுந்துவிடும். வானவில்லின் ஒளியும் தளவிளைவு கொண்டதாகையால், தவறான திசையில் சுழற்றினால் வில்லின் பகுதி மறைந்தே போகும். பிச்சாவரத்துக் கால்வாயில் நீரில் தெரியும் மரங்களின் பிரதிபிம்பமே காட்சியின் உயிர் என்னும்போது, அதை அழித்துவிட்டு நீரடிச் சேற்றைக் காட்டுவதில் பொருளில்லை. நீல வானத்தைக் கருக்கவே இதை வாங்குவோர், அதன் சிறந்த பயனை விட்டுவிடுகின்றனர்.

அனைத்து நிறங்களையும் சமமாகக் குறைக்கும் என்.டி. ஃபில்டர், பெரிய கேமராவைவிடச் சிறிய கேமராவுக்கே அதிகம் தேவைப்படுகிறது. குற்றால அருவியை மெல்லிய இழைகளாகப் பதிக்க ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்க வேண்டும். பெரிய கேமராவில் லென்ஸின் துளையைச் சுருக்கியே ஓரளவு சமாளிக்கலாம். 13.2 × 8.8 மி.மீ. அளவுள்ள ‘ஓர் அங்குல’ சென்சாரிலோ, சிறு துளையைக் கடக்கும் ஒளி விரிந்து சிதறும் விளிம்பு விளைவு விரைவில் தலைகாட்டுகிறது. எஃப்/11 என்னும் துளையளவில் ஒவ்வோர் ஒளிப்புள்ளியும் ஏறத்தாழ 15 மைக்ரான் வட்டமாக விரிகையில், 20 மெகாபிக்சல் சென்சாரின் பிக்சல் 2.4 மைக்ரான் மட்டுமே. சோனி ஆர்எக்ஸ்100 வரிசையின் 3, 4, 5-ஆம் மாதிரிகளில் 3 ஸ்டாப் என்.டி. உள்ளேயே அமைந்திருந்தது, 6, 7-ஆம் மாதிரிகளில் அது நீக்கப்பட்டது வருந்தத்தக்கது. உள்ளமைந்த இந்த என்.டி.யோடு போலரைசரும் சேர்ந்தால், மரநிழலில் 1/60 நொடியாக இருந்த பதிவு நேரம் நொடியின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும். அருவியின் இழைகளுக்கு அது போதும். 10 ஸ்டாப் கண்ணாடி அதே 1/60 நொடியை 17 நொடியாக நீட்டி, நீரின் விசையை வெண்புகையாக்கிவிடும். முக்காலியில் வைத்துப் பல படங்களை எடுத்துச் சராசரியாக்கினாலும் இதற்கு ஒப்பான விளைவு கிட்டும்.

மேல்பாதி கருத்தும் கீழ்பாதி தெளிவாகவும் அமைந்த படிநிலை என்.டி. பற்றித் தீர்ப்பு வழங்குவதே கடினம். வெளிச்ச வேறுபாட்டைத் தாங்கும் ஆற்றல் சிறிய சென்சாருக்குக் குறைவாதலால், வானம் வெளுத்துப்போகாமல் காக்கும் துணை அதற்கே மிகுதியாக வேண்டும். ஆயினும் சிறு லென்ஸ் தகட்டின் சிறு பரப்பையே பயன்படுத்துவதால், மெல்ல மாறும் தகட்டில் விளைவு மங்குகிறது, கூர்மையாக மாறும் தகட்டில் கோடு தெரிந்துவிடுகிறது. தனுஷ்கோடியின் நேர்க்கோட்டுத் தொடுவானத்துக்கு அது பொருந்தலாம். நீலகிரியின் மேடுபள்ள முகடுகளில் மலையுச்சிகளும் சேர்ந்து கருத்துவிடும். அங்கே வெவ்வேறு வெளிச்ச அளவில் இரு படங்களை எடுத்து இணைப்பதே மேல்.

பெரும்பாலான சிறிய கேமராக்களின் லென்ஸில் ஃபில்டரைத் திருகும் மறை இல்லாததால், ஒட்டுவளையமோ காந்த வளையமோ தேவைப்படுகிறது. கேமரா அணையும்போது லென்ஸ் உள்ளே இழுபடும் என்பதால், அதற்குமுன் ஃபில்டரைக் கழற்றிவிட வேண்டும். கனமான தகடுதாங்கிகளை அந்த மெல்லிய குழாயில் தொங்கவிடுவது லென்ஸை இயக்கும் மோட்டாருக்குக் கேடு. செலவிடக்கூடிய தொகை குறைவாக இருப்போர், மலிவான நான்கைந்து ஃபில்டர் கொண்ட தொகுப்பைத் தவிர்த்து, அதே பணத்தில் நல்ல பூச்சுடைய போலரைசர் ஒன்றை மட்டும் வாங்குவது நல்லது.