தரிசுப் படத்தில் தெரியாத கரிமம்

நடுவண் அரசின் நில வள இலாகா, தேசியத் தொலையுணர்வு மையத்துடன் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட இந்தியத் தரிசு நில வரைபட நூல் உழைப்பில் குறைவில்லாதது. 2015-16ஆம் ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு, சுமார் 5.6 கோடி ஹெக்டேரை 23 வகைத் தரிசாகப் பிரித்திருக்கிறார்கள். ஓடை அரித்த பள்ளமும் உவர் நிலமும் அதில் இடம்பெறுவது நியாயமே. புதர் மண்டிய புல்வெளிகளையும் சேர்த்ததுதான் பிழை.

சாணார்பட்டிப் பக்கம் கொழுக்கட்டைப் புல்லும் கொளுஞ்சியும் முளைத்த செம்மண் மேட்டை ஆடு மேய்ப்பவர் தரிசு என்பாரா? மேய்ச்சல் என்பார்!

மேலிருந்து பார்க்கும் கருவிக்கு இலை தெரியும், வேர் தெரியாது. புல் தன் கரிமத்தில் பெரும்பங்கை வேர் வழியே மண்ணுக்குத் தருகிறது. அது மட்காகி நிலைக்கத் தழைச்சத்தும் மணிச்சத்தும் வேண்டும். மட்கில் 10, 12 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து இருக்கும். அதைக் காற்றிலிருந்து பிடித்துத் தருவது கொளுஞ்சி போன்ற அவரைக் குடும்பச் செடிகளின் வேர் முடிச்சுகள். அமெரிக்காவில் மினசோட்டாவின் சீடார் கிரீக்கில் 1994-இல் தொடங்கிய பரிசோதனையிலும், தனியினப் பாத்திகளைவிடப் பல இனம் கலந்த பாத்திகளின் மண்ணிலேயே கரிமம் பன்மடங்கு சேர்ந்தது. வெப்பகாலப் புல்லும் அவரைக் குடும்பமும் கூடியதே முக்கியக் காரணம் என்று பொர்னாராவும் டில்மனும் 2008-இல் எழுதினார்கள்.

ஏட்டில் 'தரிசு' என்று ஏறிவிட்டால், மரக்கன்று நடவோ வேறு வேலைக்கோ அந்நிலத்தைக் கிளறத் தடையில்லை. கிளறிய மண்ணில் மட்கு நுண்ணுயிர்களுக்கு இரையாகிக் கரியமில வாயுவாக வெளியேறும். அடுத்த பதிப்பிலாவது, புல்வெளியை வகைப்படுத்துமுன் ஓரடி ஆழத்து மண்ணை எடுத்துக் கரிமத்தை அளந்து, அந்த எண்ணையும் படத்தருகே அச்சிடட்டும்.