சாசனத்தில் இருந்த ‘அவன்’

அறிவியல் வரலாற்றைப் பொது வாசகருக்குச் சொல்லும் தமிழ் நூல்களை நான் மொழிக்காகவும் வாசிப்பவள். லஸ் முனை நடைபாதைக் கடைகளிலும் தியாகராய நகர்ப் பதிப்பகங்களிலும் வாங்கியவை ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. கோப்பர்நிக்கஸில் தொடங்கி, கலிலியோ, நியூட்டன் வழியாக ஐன்ஸ்டைனிடம் சேரும் பாதை எனக்கு மனப்பாடம். நடுவில் மேரி கியூரிக்கு ஒரு நிறுத்தம் உண்டு. என் கண் வினைச்சொற்களில் நிற்கும். ஆண்கள் கண்டுபிடிக்கிறார்கள், நிறுவுகிறார்கள், மறுக்கிறார்கள். பெண்கள் உதவுகிறார்கள். கரோலின் ஹெர்ஷல் தாமே வால்மீன்களைக் கண்டறிந்தவர். 1787 முதல் ஆண்டுக்கு 50 பவுண்டு அரச ஊதியம் பெற்றவர். நம் பக்கங்களில் அவர் இன்னும் அண்ணனுக்கு உறுதுணைதான்.

மேற்கத்திய அறிவியல் என்றதும் இந்நூல்கள் லண்டனுக்கும் பாரிசுக்கும் போய்விடுகின்றன. அதன் ஒரு கிளை நம் நுங்கம்பாக்கத்தில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் கட்டிய வானாய்வகம் அது. அந்த ஆண்டு பொறித்த கருங்கல் தூண் இன்றைய வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. 1861இல் அங்கே அரசு வானியலாளராக வந்தவர் நார்மன் போக்சன். ஐந்து படி வேறுபாடு என்றால் நூறு மடங்கு ஒளி என்று விண்மீன் ஒளிர்வுக்கு அவர் வகுத்த அளவுகோல் இன்றும் பாடநூல்களில் இருக்கிறது.

அவருடைய மகள் எலிசபெத் ஐசிஸ் போக்சன் அங்கேயே 1873 முதல் 25 ஆண்டுகள் வேலை பார்த்தார். தொலைநோக்கியில் எடுத்த அளவு அப்படியே பயன்படாது. காற்று ஒளியை வளைப்பதையும் கடிகாரம் பிசகுவதையும் கணக்குப் போட்டுத் திருத்தினால்தான் அது விண்மீனின் இடமாகும். பகலெல்லாம் உட்கார்ந்து செய்யும் வேலை. ‘கண்டுபிடிப்பு’ என்ற சொல் அதன் பக்கமே போவதில்லை. 1881 முதல் மாகாண அரசின் வானிலைப் பொறுப்பும் அவரிடம் இருந்தது.

1886இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் ஃபெலோவாக அவரைத் தந்தை முன்மொழிந்தார். வழக்கறிஞர்கள் 1831ஆம் ஆண்டுச் சாசனத்தைப் புரட்டினார்கள். அதில் ஃபெலோவைக் குறிக்கும் இடமெல்லாம் ‘அவன்’ என்றே இருந்தது. ஆகவே பெண்ணைச் சேர்ப்பது சட்டவிரோதம் என்றார்கள். முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. தந்தை 1856இல் கண்டறிந்த சிறுகோளுக்கு அப்போது குழந்தையாக இருந்த இதே மகளின் பெயரைத்தான், ஐசிஸ் என்று, வைத்திருந்தார்கள். வானத்தில் பெயர் இருந்ததற்குச் சாசனத்தில் மதிப்பில்லை. 1920இல், திருமணமாகித் திருமதி கென்ட் ஆன பிறகுதான் அவர் ஃபெலோ ஆனார்.

இதே ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரிக்கு அந்தக் கழகம் 1872இலேயே இடம் கொடுத்துவிட்டது. பஞ்சாங்கக் குடும்பத்தில் வந்தவர். 1874இன் வெள்ளி இடைநகர்வைப் பொதுமக்களுக்கு விளக்கிச் சிறுநூல் வெளியிட்டவர். ஆளப்பட்ட நாட்டின் ஆணுக்குத் திறந்த கதவு ஆளும் இனத்துப் பெண்ணுக்கு மூடியிருந்தது. ஐசிஸை ‘நம்மவர்’ என்று கொண்டாடச் சொல்லவில்லை. அவர் காலனி அரசின் ஊழியர். அந்த வளாகத்திற்குள் ஒரு தமிழ்ப் பெண் எந்த வேலைக்காக நுழைந்திருப்பாள் என்ற கேள்வியும் மிச்சமிருக்கிறது.

தமிழாசிரியருக்கு இங்கே ஒரு பெருமிதம் எட்டிப்பார்க்கலாம். நம் ‘அவர்’ இருபாலுக்கும் பொது. சாசனம் தமிழில் இருந்திருந்தால் வழக்கறிஞர்களுக்கு வேலையே இல்லை. மாணவிகள் மட்டுமே படிக்கும் என் வகுப்பில், ‘வானியலாளர் இரவெல்லாம் விழித்திருந்தார்’ என்று கரும்பலகையில் எழுதி, அவரை வரையச் சொன்னேன். பாதிப் பேர் தாடி வைத்தார்கள். ஒருத்திகூடப் புடவை வரையவில்லை. அலமாரி நிறைய நாம் எழுதிவைத்த புத்தகங்கள் பழக்கிய பழக்கம் அது.

அன்னா மாணியைப் பற்றிய கட்டுரைகளைப் பாருங்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் ராமனின் ஆய்வகத்தில் வைரங்களின் ஒளிப்பண்புகளை ஆராய்ந்து, முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடும் எழுதியவர். எம்.எஸ்ஸி. இல்லை என்று சென்னைப் பல்கலைக்கழகம் பட்டத்தை மறுத்தது. இதை ‘பட்டம் கிடைக்கவில்லை’ என்று எழுதுகிறோம். மழை பெய்யவில்லை என்பதுபோல. ‘கிடைக்கவில்லை’ என்றால் மறுத்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘மறுத்தது’ என்றால் சொல்லியாக வேண்டும்.