சொன்னவர் யார்?

கட்சிப் பத்திரிகை ஒருதலைப்பட்சமாக எழுதுகிறது என்பது தமிழ்நாட்டில் எல்லோரும் சொல்லும் குறை. சார்பு ஒரு குற்றமே இல்லை என்பது என் கருத்து. கொள்கை உள்ளவர்கள் அதற்காகத்தான் எழுதுவார்கள். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: சொன்னது பொய் என்று தெரிந்தால், அதனால் ஒருவர் பாதிக்கப்பட்டால், பதில் சொல்ல யார் வருவார்? நூறாண்டுகளாக நம் கட்சிகள் கையாண்டுவரும் அச்சு, தொலைக்காட்சி, இணையம் ஆகிய மூன்றையும் இந்தக் கேள்வியை வைத்து எடைபோட்டுப் பார்க்கலாம்.

அச்சில் தொடங்குவோம். தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தை இன்றுவரை நீதிக்கட்சி என்று அழைக்கிறோம். 1917இல் அது தொடங்கிய ‘ஜஸ்டிஸ்’ நாளிதழ் தந்த பெயர் அது. பெரியாரின் ‘குடி அரசு’ 1925இல் வந்தது. பொதுவுடைமையாளர்கள் 1937இல் ‘ஜனசக்தி’யைத் தொடங்கினார்கள். 1942இல் அண்ணா ‘திராவிட நாடு’ இதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் திருவாரூரில் மு. கருணாநிதி ‘முரசொலி’யைத் துண்டறிக்கையாக வெளியிட்டார். பெரிய நாளேடுகள் இடம் தராத அரசியலுக்கு இவை இடம் தந்தன. படிப்பகங்களிலும் முடிதிருத்தகங்களிலும் ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து பேச்சாளர்களும் எழுத்தாளர்களும் உருவானார்கள்.

அந்த இதழ்கள் நடுநிலையாக இருந்தன என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பெரும்பாலும் இதழில் ஆசிரியர் பெயரும் வெளியிடுவோர் பெயரும் அச்சாகியிருந்தன. அதற்கு விலையும் கொடுத்தார்கள். ‘குடி அரசு’ 1933 அக்டோபரில் வெளியிட்ட தலையங்கம் ஒன்றுக்காகப் பெரியார் சிறை சென்றார். வெளியீட்டாளர் என்பதால் அவருடைய தங்கை கண்ணம்மாளும் சிறை சென்றார். நெருக்கடி நிலையின்போது, 1976 பிப்ரவரியில், கைதானவர்களின் பெயர்களை வெளியிடத் தணிக்கை இடம் தரவில்லை. அண்ணா நினைவிடத்துக்கு மலர் வைக்க வர இயலாதவர்களின் பட்டியல் என்று பெயர்களை அச்சிட்டது ‘முரசொலி’. தங்கள் ஊரில் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்பதை வாசகர்கள் அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். கட்சி இதழாக இருந்ததால்தான் அந்தத் துணிவு வந்தது. கட்சி அச்சுக்கு என் தீர்ப்பு: சார்பு உண்டு, பொறுப்பும் உண்டு. அது நமக்குச் செய்த நன்மை பெரிது.

தொலைக்காட்சிக்கு வரும்போது கணக்கு சிக்கலாகிறது. 1993 ஏப்ரலில் சன் டி.வி. தொடங்கியது, அதன் அலுவலகம் பல ஆண்டுகள் தி.மு.க. தலைமையகமான அண்ணா அறிவாலயத்திலேயே இயங்கியது. அதன் பிறகு ஜெயா டி.வி. (1999), மக்கள் தொலைக்காட்சி (2006), கலைஞர் டி.வி. (2007), கேப்டன் டி.வி. (2010), நியூஸ் ஜெ (2018) என்று கட்சிக்கொரு அலைவரிசை வந்தது. இதில் நன்மையே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. தூர்தர்ஷன் காட்டாததைப் பார்க்க முடிந்தது. ஆளுங்கட்சியின் அலைவரிசை மறைத்ததை எதிர்க்கட்சியின் அலைவரிசை காட்டியது. ஆனால் உரிமம் நிறுவனத்தின் பெயரில், பங்கு குடும்பத்தின் பெயரில், பயன் கட்சிக்கு என்ற ஏற்பாட்டில் பொறுப்பு யாருடையது என்பது மங்கிப்போனது. செய்தி தவறானால் கட்சி ‘அது தனியார் நிறுவனம்’ என்று ஒதுங்கிக்கொள்ள வழி இருந்தது.

அதைவிடக் கேடானது, செய்தி வீட்டுக்கு வரும் வழியையே கைப்பற்றியது. கேபிள் யார் கையிலோ, எந்த அலைவரிசை தெரியும், எது தெரியாது என்பதும் அவர் கையில். சன் டி.வி.யையும் கேபிள் விநியோகத்தையும் வைத்திருந்த மாறன் குடும்பத்துக்கும் தி.மு.க. தலைமைக்கும் பிணக்கு ஏற்பட்ட 2007இல் அரசு கேபிள் நிறுவனம் பிறந்தது. சமரசத்துக்குப் பின் அது முடங்கியது. 2011இல் ஜெயலலிதா ஆட்சிக்கு வந்ததும் உயிர் பெற்றது. அரசியல் கட்சிகளும் மாநில அரசுகளும் ஒளிபரப்பிலும் விநியோகத்திலும் இறங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008இலும் 2012இலும் பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை. எந்தக் கட்சியும் அதற்காகப் போராடவுமில்லை.

அந்தப் பிணக்கின் கோர முகத்தை மதுரை பார்த்தது. கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்ற கருத்துக்கணிப்பை 2007 மே 9 அன்று மாறன் குடும்பத்தின் ‘தினகரன்’ நாளிதழ் வெளியிட்டது. கருணாநிதியின் மகன் மு.க. அழகிரியின் ஆதரவாளர்கள் மதுரைப் பதிப்பு அலுவலகத்தைத் தாக்கினார்கள். பெட்ரோல் குண்டு வீச்சில் ஊழியர்கள் மூவர் இறந்தார்கள். கணினிப் பிரிவில் வேலை பார்த்த இருவர், வாசலில் காவல் இருந்த ஒருவர். கருத்துக்கணிப்புக்கும் அவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 2009இல் கீழமை நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. 2019இல்தான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. குடும்பம், கட்சி, ஊடகம் மூன்றும் ஒன்றாகப் பின்னிக் கிடந்தால் அடிபடுவது சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்தான்.

தங்கள் ஊடகத்துக்குச் சுதந்திரம் கேட்கும் கட்சிகள், மற்றவர்களின் ஊடகத்தை எப்படி நடத்தின? ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காக 1987இல் ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனைச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியது. அப்போது எம்.ஜி.ஆர். ஆட்சி. 2003இல் ‘இந்து’ நாளிதழைச் சேர்ந்த ஐவருக்கும் ‘முரசொலி’ ஆசிரியருக்கும் அதே மன்றம் 15 நாள் சிறை விதித்தது. உச்ச நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. 2011க்குப் பின் அவதூறு வழக்குகள் குவிந்தன. முதல்வருக்காக அரசு வழக்கறிஞரே நேரடியாக அமர்வு நீதிமன்றத்தில் வழக்குத் தொடரச் சட்டம் இடம் தருகிறது. செலவு அரசுக்கு, அலைச்சல் பத்திரிகையாளருக்கு. பத்திரிகையாளர்கள் மீதான 90 வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக 2021இல் தி.மு.க. அரசு அறிவித்தது பாராட்டத்தக்கது. அதே அரசு 2024இல் யூடியூபர் சவுக்கு சங்கர் மீது குண்டர் சட்டத்தை ஏவியது. பெண் காவலர்களைப் பற்றி அவர் பேசியது கண்டிக்கத்தக்கதே. அதற்குச் சாதாரணச் சட்டத்தில் வழக்கு உண்டு. விசாரணையின்றி அடைத்து வைக்கும் சட்டம் அதற்குரியதல்ல. உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. 2025 பிப்ரவரியில், பிரதமரைச் சங்கிலியுடன் வரைந்த கேலிச்சித்திரத்துக்காக விகடனின் இணையதளமே முடக்கப்பட்டது, அப்போதைய தமிழக பா.ஜ.க. தலைவர் அதற்கு முன்பே புகார் அனுப்பியிருந்தார். மாநிலத்தை ஆண்டவர்களும் ஒன்றியத்தை ஆள்பவர்களும் இதில் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

இப்போது இணையம். இதன் நன்மையை முதலில் சொல்ல வேண்டும். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் திரண்ட இளைஞர்களை எந்தக் கட்சியும் அழைக்கவில்லை. அழைத்தது முகநூலும் வாட்ஸ்அப்பும். சொந்த அலைவரிசை இல்லாத நாம் தமிழர் கட்சி, யூடியூப் வழியே பேச்சைக் கொண்டுசேர்த்து 2024 மக்களவைத் தேர்தலில் 8 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு பெற்றது. பணமில்லாதவர்களுக்கும் மேடை கிடைத்திருக்கிறது. அதைப் பறிக்கக் கூடாது.

ஆனால் பொறுப்பு என்ற தட்டில் வைத்தால் இணையப் பரப்புரை மிகவும் இலேசாக நிற்கிறது. சுவரில் ஒட்டும் தேர்தல் போஸ்டரைக் கிட்டப்போய்ப் பாருங்கள். அடியில் சிறிய எழுத்தில் அச்சகத்தின் பெயரும் முகவரியும், வெளியிட்டவர் பெயரும் இருக்கும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை. அதே போஸ்டர் படமாகி, பெயர் வெட்டப்பட்டு, வாட்ஸ்அப் குழுக்களில் லட்சம் பேரிடம் போகலாம். அனுப்பியவர் யார் என்று காட்ட எதுவுமில்லை. கட்சிகளின் ஐ.டி. விங்குகள் இந்த ஓட்டையை நன்றாகப் பயன்படுத்துகின்றன. அதிகாரபூர்வக் கணக்கில் கொள்கை விளக்கம் வரும். வசையும் வதந்தியும் ‘தொண்டர்கள்’ என்ற பெயரில் வேறு வழியாக வரும்.

2023 மார்ச்சில் இதன் விளைவைப் பார்த்தோம். வட மாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின. திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்கள் மூட்டை கட்டினார்கள். பீகார் சட்டமன்றத்தில் கொந்தளிப்பு; அங்கிருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்தது. அந்தப் பொய்யைத் தன் கணக்கில் பகிர்ந்த உத்தரப் பிரதேச பா.ஜ.க. செய்தித் தொடர்பாளர் ஒருவரை உச்ச நீதிமன்றம் மன்னிப்புக் கேட்கச் சொன்னது. கேட்கச் சொல்ல முடிந்தது, பதிவில் அவர் பெயர் இருந்ததால். பெயரில்லாமல் அதைச் சுற்றவிட்ட ஆயிரக்கணக்கான கைகளிடம் யார் கேட்பது?

பெயர் கட்டாயம் என்றால் எளியவர்கள் பேச அஞ்சுவார்களே என்று ஒருவர் கேட்கலாம். சரியான கேள்வி. அதிகாரியின் ஊழலைச் சொல்லும் ஊழியருக்கும், சாதிக் கொடுமையைச் சொல்லும் கிராமத்துப் பெண்ணுக்கும் பெயர் மறைப்பதே பாதுகாப்பு. நான் கேட்பது அவர்களிடமல்ல. பணமும் ஆளும் வைத்து, வாக்குக் கேட்டு, ஆட்சியைப் பிடிக்கும் அமைப்புகளிடம் கேட்கிறேன். அரசே உண்மை சரிபார்ப்பகம் வைப்பதும் தீர்வாகாது. ஒன்றிய அரசின் அத்தகைய விதியை 2024இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழ்நாட்டு அரசு 2023இல் அமைத்த பிரிவும் அதே ஐயத்துக்கு உரியது. வழக்கில் ஒரு தரப்பாக இருப்பவரே நீதிபதியாகவும் இருக்க முடியாது.

ஆகவே என் தீர்ப்பு இது. பெயர் தாங்கிய கட்சி இதழுக்குப் பாராட்டு. முகம் மறைத்த கட்சித் தொலைக்காட்சி பாதிக் குற்றவாளி. விநியோகத்தைக் கைப்பற்றியது முழுக் குற்றம். பெயரில்லாத இணையப் பரப்புரை மூன்றிலும் மோசம். இவற்றோடு, எதிர்த்து எழுதியவரைச் சிறைக்கு அனுப்பத் துணிந்ததில் ஆண்ட கட்சி எதற்கும் விலக்கில்லை.

செய்ய வேண்டியவை மூன்று. டிராய் பரிந்துரை சட்டமாக வேண்டும். போஸ்டருக்கு உள்ள 127ஏ, கட்சியும் அதன் ஐ.டி. விங்கும் கூலி கொடுத்துப் பரப்பும் ஒவ்வொரு பதிவுக்கும் பொருந்த வேண்டும். ஆட்சியாளருக்காக அரசு வழக்கறிஞர் அவதூறு வழக்குப் போடும் வழி மூடப்பட வேண்டும். வாக்குக் கேட்டு வரும் எந்தக் கட்சியிடமும் இம்மூன்றுக்கும் எழுத்தில் உறுதி கேட்க நமக்கு உரிமை உண்டு. தர மறுக்கும் கட்சி கருத்துரிமை பற்றிப் பேசினால் அதை நம்பக் காரணம் இல்லை.