மெர்சிடிஸ் டபிள்யூ123: அசல் டேஷ்போர்டுக்குப் பின்னால் புதிய ஒலியமைப்பு

1975-ஆம் ஆண்டின் இறுதியில் உற்பத்தி தொடங்கி, ஏறத்தாழ பத்தாண்டுகளில் 26 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் வெளிவந்த மெர்சிடிஸ் பென்ஸ் டபிள்யூ123 வரிசைக் கார்கள் எஞ்சின் உறுதிக்காக இன்றும் போற்றப்படுகின்றன. அவற்றின் ஒலியமைப்போ அந்த அளவுக்குக் காலத்தைத் தாங்கவில்லை. பெக்கர் நிறுவன வானொலியின் உள்ளே மின்னழுத்த ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் மின்தேக்கிகள் நாற்பதாண்டுகளில் உலர்ந்து திறன் இழக்கின்றன. ஸ்பீக்கர்களின் காகிதக் கூம்புகள் வெயிலில் காய்ந்து கிழிகின்றன. 2017-இலேயே தேசிய எஃப்எம் ஒலிபரப்பை நிறுத்திவிட்ட நார்வேயில், வானொலி முழு நலத்துடன் இருந்தாலும் தேசிய நிலையங்கள் எதுவும் அதற்கு எட்டுவதில்லை. எனவே உரிமையாளர் மாற்றத்தை நாடுவது நியாயமே. ஆனால் பெரிய திரை ஒன்றுக்காக மர வேலைப்பாடுள்ள நடுப்பகுதியை அறுத்தவர்களும், கதவு அட்டையில் வட்டமாகத் துளையிட்டவர்களும் காரின் தோற்றத்தையும் மதிப்பையும் ஒருசேர இழந்திருக்கிறார்கள். இவ்விமர்சனம் ஒரே அளவுகோலைக் கொள்கிறது: பொருத்தப்படும் எதுவும், புதிய துளையோ வெட்டுப்பட்ட வயரோ மிச்சமின்றி, மீண்டும் கழற்றத்தக்கதாக இருக்க வேண்டும். அந்த அளவுகோலின்படி 240டி டீசல் கார் ஒன்றில் மூன்று வழிகள் அடுத்தடுத்துச் சோதிக்கப்பட்டன.

முதல் வழி, பழைய சாயலில் செய்யப்பட்ட புதிய வானொலியைப் பொருத்துவது. டின் எனப்படும் ஜெர்மானியத் தர அளவின்படி கார் வானொலியின் முகப்பு 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. டபிள்யூ123-இன் வானொலிக் கூடு அந்த அளவுக்கே அமைந்திருப்பதால் எதையும் அறுக்காமல் இம்மாற்றத்தைச் செய்ய முடிகிறது. 1980களில் விற்பனையான ப்ரெமன் எஸ்க்யூஆர் 46 மாடலின் முகத்தை அப்படியே கொண்டு, உள்ளே டிஜிட்டல் வானொலி, புளூடூத், யூஎஸ்பி ஆகியவற்றை வைத்து ப்ளாபுங்க்ட் மறுவெளியீடு செய்த மாடல் இவ்வகையில் நன்கு அறியப்பட்டது. போர்ஷே நிறுவனம் தன் பழைய 911 கார்களுக்கென்றே சிறு திரையுடன் கூடிய இத்தகைய கருவியை விற்கிறது. ஆயினும், வரிசையாகப் பொத்தான்கள் அமைந்த எண்பதுகளின் முகம், இருபுறமும் திருகுகுமிழ் கொண்ட வானொலியுடன் எழுபதுகளில் வெளிவந்த டபிள்யூ123-க்குப் பொருந்துவதில்லை. காரின் ஆண்டும் வானொலியின் ஆண்டும் ஒத்துப்போகும் இடத்தில் மட்டுமே இவ்வழியைப் பரிந்துரைக்க இயலும்.

இவ்வகைக் கருவிகளின் அட்டைப்பெட்டியில் அச்சிடப்படும் 50 வாட் என்ற எண்ணையும் ஆராய வேண்டும். ஓடும் காரின் மின்னழுத்தம் ஏறக்குறைய 14.4 வோல்ட், ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம். எவ்வித இழப்பும் இன்றி, ஒலியலை சதுரமாக நசுங்கும் நிலையில்தான் அந்த மின்னழுத்தம் ஒரு ஸ்பீக்கருக்கு 50 வாட்டை அளிக்கும். சிதைவற்ற இசைக்கு உண்மையில் கிடைப்பது 20 வாட் அளவே. பழைய வானொலியின் ஐந்தாறு வாட்டோடு ஒப்பிட்டால் அதுவே பெரிய முன்னேற்றம் என்பதால், அச்சிட்ட எண்ணைக் கண்டு மயங்கவோ உண்மை எண்ணைக் கண்டு ஏமாற்றமடையவோ தேவையில்லை. இவ்வேறுபாட்டின் பின்னுள்ள அமைப்பில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பழைய வானொலிகள் பலவற்றில் ஸ்பீக்கரின் ஒரு முனை காரின் உடலோடு, அதாவது எர்த்தோடு, பொதுவாக இணைக்கப்பட்டிருக்கும். புதிய கருவிகளில் ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் மின்னழுத்தம் இருப்பதால் எந்த முனையும் உடலைத் தொடக்கூடாது. பழைய வயரிங்கை ஆராயாமல் புதிய கருவியை இணைத்தால், இசை தொடங்கும் முன்பே அதன் வெளியீட்டுப் பகுதி கருகிப்போகக்கூடும். ஆகவே ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக இரு வயர்களைப் புதிதாக இழுப்பதே சரியான முறை. பழைய வயர்களை அகற்றாமல், முனைகளுக்கு உறையிட்டு அதே இடத்தில் விட்டுவிடலாம்.

இரண்டாம் வழி, பழைய வானொலியின் உடலுக்குள்ளேயே புளூடூத் பலகையைப் பொருத்தி, அதன் சமிக்ஞையை ஒலியளவுக் குமிழுக்கு முந்தைய நிலையில் சேர்ப்பது. அசல் குமிழைத் திருகினால் கைபேசியின் பாடல் ஏறி இறங்கும் அந்த இயல்பு மிக இனிமையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் வெளியீட்டுத் திறன் பழையபடியே ஐந்தாறு வாட்டில் நிற்கிறது. பலகைக்குத் தனிமைப்படுத்தப்பட்ட மின்வழங்கல் தரப்படாவிட்டால் மெல்லிய கீச்சொலி பாடலோடு கலந்து வருகிறது. கிடைத்தற்கரிய வானொலி ஒன்றின் உட்புறத்தில் பற்றவைப்புக் கோல் வைப்பது, மீளத்தக்கது என்ற அளவுகோலின் விளிம்பில் நிற்கும் செயல். மின்தேக்கிகளை மாற்றும் அளவுக்கு வானொலி எப்படியும் திறக்கப்படும் என்றால் மட்டுமே, கைதேர்ந்த வானொலிப் பழுதாளர் மூலம் இதைச் செய்யலாம்.

மூன்றாம் வழியே இச்சோதனையில் முதலிடம் பெறுகிறது. இதில் பெக்கர் வானொலி தன் இடத்தில், தன் பணியோடு தொடர்கிறது. இருக்கைக்கு அடியில் டிஎஸ்பி கொண்ட சிறிய ஆம்ப்ளிஃபயர் ஒன்று மறைத்து வைக்கப்படுகிறது. டிஎஸ்பி என்பது ஒலிச் சமிக்ஞையை எண்களாக மாற்றி, அலைவரிசைதோறும் அளவைத் திருத்தி, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் வேண்டிய காலதாமதத்தைச் சேர்க்கும் செயலி. இவ்வகை ஆம்ப்ளிஃபயர்கள் பெரும்பாலும் டி வகுப்பைச் சேர்ந்தவை என்பதால், பெறும் மின்சாரத்தில் சிறுபகுதியை மட்டுமே வெப்பமாக இழக்கின்றன. காற்றோட்டம் குறைந்த இடத்தில் அவற்றை வைக்க முடிவதன் காரணம் இதுவே. வானொலியின் ஸ்பீக்கர் வெளியீடு ஆம்ப்ளிஃபயரின் உயர்மட்ட உள்ளீட்டுக்குச் செல்கிறது. கைபேசியின் பாடல் புளூடூத் வழியாக நேரே வருகிறது. மின்சார ஆன்டெனாவை உயர்த்துவதற்காக வானொலி அனுப்பும் 12 வோல்ட் சமிக்ஞையையே ஆம்ப்ளிஃபயரை இயக்கவும் பயன்படுத்தினால், அசல் குமிழைத் திருப்பியதும் முழு அமைப்பும் விழித்துக்கொள்கிறது. கைபேசிப் பாடலின் அளவை மாற்றும் சிறு குமிழை சாம்பல் கிண்ணத்துக்குள் மறைக்கலாம். மூடியை மூடினால் இக்காரில் புதிதாக ஏதேனும் இருப்பதை எவரும் கண்டறிய இயலாது.

ஸ்பீக்கர்களைப் பொறுத்தவரை இக்காரின் அமைப்பு எளிதன்று. முன்பக்கத்தில் டேஷ்போர்டின் இரு மூலைகளிலும் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அளவுள்ள ஸ்பீக்கர்களுக்கே இடம் உண்டு. அவை மேல்நோக்கிப் பாடுவதால் ஒலி முன்கண்ணாடியில் பட்டுத் திரும்பி, பித்தளைக் கருவிகளும் பாடகரின் ‘ச’கர ஒலிகளும் கூர்மையேறிக் கேட்கின்றன. டிஎஸ்பியில் அந்த உயர் அலைவரிசைகளைச் சற்றே தணித்தபோது குரல் மென்மையுற்றது. ஒலி ஒரு மில்லி விநாடியில் கடக்கும் தொலைவு ஏறத்தாழ 34 சென்டிமீட்டர்; ஓட்டுநருக்கு அருகிலுள்ள ஸ்பீக்கரை அந்தக் கணக்கின்படி தாமதப்படுத்தியதும், பாடகர் ஒரு மூலையிலிருந்து விலகி டேஷ்போர்டின் நடுவே நின்று பாடும் உணர்வு பிறந்தது. செலவிட்ட பணத்துக்கு மிகுந்த பயன் தந்த மாற்றம் இதுவேயாகும். பின்கண்ணாடிக்கு முன்னுள்ள தட்டின் ஸ்பீக்கர்களுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை.

இச்சிறு ஸ்பீக்கர்களால் மிருதங்கத்தின் தொப்பியையோ பேஸ் கிட்டாரையோ முழுமையாக எழுப்ப முடியாது. டீசல் எஞ்சினின் தாழ்ந்த உறுமலும் அதே பகுதியைத்தான் விழுங்குகிறது. ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதைக் காதால் பிரித்தறிய இயலாது என்பதால், தட்டையான சப்வூஃபரை, அதாவது தாழ்ந்த ஒலிக்கென்றே அமைந்த ஸ்பீக்கரை, இருக்கைக்கு அடியில் வைத்தாலும் அடியொலி முன்னிருந்தே வருவதாகத் தோன்றுகிறது. தரைக்கம்பளத்துக்கு அடியில் அதிர்வடக்கும் தகடுகளை விரித்ததும் அதே பாடல் குறைந்த அளவிலேயே தெளிவாகக் கேட்டது. ஆனால் பழைய காரின் தரையில் துரு இருக்கிறதா என்று பார்க்காமல் அத்தகடுகளை ஒட்டுவது ஈரத்தைச் சிறைப்படுத்திக் காரையே அழிக்கும்.

டீசல் காரில் தீப்பொறிச் செருகி இல்லாததால் பெட்ரோல் கார்களில் கேட்கும் படபடப்பு இங்கு இல்லை. எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஆல்டர்னேட்டரின் கீச்சொலி மட்டும் வரலாம். எல்லாக் கருவிகளுக்கும் எர்த்தை ஒரே புள்ளியில் கொடுத்து, மின்வயரைக் காரின் ஒரு பக்கமாகவும் சமிக்ஞை வயர்களை மறுபக்கமாகவும் கொண்டுசென்றால் அது பெரும்பாலும் எழுவதில்லை. பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை. வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கப்படும் கார்களில் ஓய்வு மின்னோட்டத்தையும் அளந்து பார்க்க வேண்டும். 20 மில்லி ஆம்பியர் மட்டுமே இழுக்கும் கருவியும் 30 நாட்களில் 14 ஆம்பியர்-மணிக்கு மேல் உறிஞ்சிவிடும் என்பதால், புளூடூத் பகுதியையும் சாவியோடு அணையும் மின்வழியிலேயே இணைப்பது நல்லது.