அகிராவின் ஓரங்களில்

‘அகிரா’ என்ற அனிமேஷன் படம் தொடங்கியதும் திரையில் ஒரு தேதி தோன்றுகிறது: 1988 ஜூலை 16, டோக்கியோ. அடுத்த சில நொடிகளில் நகரின் நடுவே ஓர் ஒளிக்கோளம் வெடிச்சத்தமே இல்லாமல் ஊதிப் பெருகுகிறது. வீதிகளும் மாடங்களும் அந்த வெண்மைக்குள் கரைந்து போகின்றன. ஜப்பானில் படம் வெளியானதும் அதே நாளில்தான். சீட்டு வாங்கி வந்து அமர்ந்த டோக்கியோவாசி, தன் ஊர் இன்றைக்கே அழிவதைப் பார்த்திருக்கிறார். இயக்குநர் கட்சுஹிரோ ஒட்டோமோவின் குறும்பு எத்தனை மெல்லியது, எத்தனை கொடியது!

பிறகு கதை 2019இன் நியோ டோக்கியோவுக்குத் தாவுகிறது. அங்கே அடுத்த ஆண்டு ஒலிம்பிக்ஸுக்காக ஓர் அரங்கம் எழும்பிக்கொண்டிருக்கிறது. இன்னும் 147 நாள் என்கிறது அறிவிப்புப் பலகை. ‘நிறுத்து’ என்று அதிலேயே யாரோ கிறுக்கியிருக்கிறார்கள். நிஜ டோக்கியோவின் 2020 ஒலிம்பிக்ஸ் பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளிப்போனபோது, ரசிகர்கள் இந்தப் பலகையை வியந்து வியந்து பார்த்தார்கள். எனக்கோ அந்த வியப்பைவிடக் கிறுக்கலே அழகு. கண்ணில் பட்டும் படாமலும் போகும் ஒரு பலகைக்கும் கோபக்கார நகரவாசி ஒருவரைத் தந்திருக்கிறதே இந்தப் படம்!

என் மனம் மிகவும் தோய்வது பெயர்களில். 1956இல் மிட்சுதெரு யோகோயாமா தொடங்கிய ‘டெட்சுஜின் 28’ என்ற மாங்கா சித்திரக்கதையில், பிரம்மாண்டமான இரும்பு மனிதனைத் தொலைவிலிருந்தே இயக்கும் சிறுவன் ஷோட்டாரோ கனேடா. அவனுக்குத் துணை நிற்கும் அறிஞர் ஷிகிஷிமா. அவருடைய மகன் டெட்சுவோ. இப்போது ‘அகிரா’வுக்குத் திரும்புங்கள். செந்நிற பைக்கில் பறக்கும் நாயகனும் ஷோட்டாரோ கனேடாதான். அவனுடைய நண்பன் டெட்சுவோ. அந்த நண்பனை ஆய்வுக்கூடத்தில் அடைத்துவைக்கும் ராணுவ கர்னல் ஷிகிஷிமா. படத்துக்குப் பெயர் தந்த சிறுவன் அகிராவுக்கு ஆய்வில் தரப்பட்ட எண்ணோ 28!

1954இல் பிறந்த ஒட்டோமோவின் பால்யத்துக்கு உரிய கதை ‘டெட்சுஜின் 28’. அதற்கு அவர் செலுத்தும் வணக்கம் இந்தப் பெயர்கள். ஆனால் வணங்கும்போதே அதைத் தலைகீழாகப் புரட்டிவிடுகிறார். அங்கே பேராற்றல் ஒரு சிறுவனின் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. இங்கே அது டெட்சுவோ என்ற சிறுவனின் உடலுக்குள்ளேயே புகுந்து, யார் சொல்லுக்கும் அடங்காமல் சதையாகப் பொங்கி வழிகிறது. படத்தின் தொடக்கத்தில் கனேடாவின் பைக்மீது ஆசையோடு உட்கார்ந்திருக்கும் டெட்சுவோவை மறுபடி பாருங்கள். இதை உன்னால் ஓட்ட முடியாது என்று கனேடா சீண்டுகிறான். ஓர் இயந்திரத்தை ஆளும் கை யாருடையது என்ற பழைய கேள்வி, இரண்டு பையன்களின் வாய்ச்சண்டையாக எவ்வளவு இயல்பாக வந்து நிற்கிறது!

கனேடாவின் சிவப்பு மேல்சட்டை முதுகில் ஒரு மாத்திரைச் சித்திரம் பளிச்சென்று மின்னும். முதல் பார்வையில் அது வாலிபத் திமிரின் அலங்காரம்தான். பின்னால், உள்ளே புரளும் சக்தியின் வேதனையை அடக்க மாத்திரை தேடி, கூட்டாளிகள் வழக்கமாகக் கூடும் ஹருகியா மதுக்கடைக்கே வருகிறான் டெட்சுவோ. அங்கே சிந்துவது ரத்தம். ஒரு நண்பன் பெருமையாக முதுகில் சுமந்த சின்னத்தை, இன்னொருவன் வலி தாளாமல் விழுங்கிக்கொண்டிருக்கிறான்.