கையும் ஓசையும்

கம்ப்யூட்டர் சங்கீதத்தை மேடையில் நிகழ்த்துகிறவர்கள் மீது வழக்கமாகச் சொல்லப்படும் குறை ஒன்றுண்டு: ஆள் வாசிக்கிறாரா, மின்னஞ்சல் பார்க்கிறாரா என்று தெரியவில்லை என்பது. நண்பர் ஒருவர் இதற்குச் சொல்லும் பதில், ‘காதுக்கு வந்து சேர்வதைக் கவனி. கை என்ன செய்தால் உனக்கென்ன?’ வெகுநாள் இதை ஒப்புக்கொண்டிருந்தேன். இப்போது முடியவில்லை. காரணம் மிஷெல் வைஸ்விஸ்.

ஆம்ஸ்டர்டாமில் 1969இல் தொடங்கிய ஸ்டைம் என்ற மின்னணு இசைக்கூடத்தை 1981 முதல், 2008இல் இறக்கும்வரை, வழிநடத்தியவர் அவர். எழுபதுகளில் அவர் பெயரோடு வெளிவந்த ‘கிராக்கிள் பாக்ஸ்’ ஒரு சிறு பெட்டி. மேலுள்ள உலோகத் தகடுகளில் விரல்களை வைத்தால் உடலே மின்சுற்றின் ஒரு பகுதியாகிவிடும். விரலின் ஈரமும் அழுத்தமும் நேராக ஒலியை மாற்றும். கைக்கும் ஓசைக்கும் நடுவில் வேறெதுவும் கிடையாது.

1983இல் மிடி வந்தது. பியானோ விசைதான் அதன் மனத்தில் இருந்த மாதிரி: எந்த விசை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எல்லாம் 0 முதல் 127 வரையிலான எண்கள். வீணையில் ஒரு தந்தியை இழுத்துக் கமகம் பிடித்தால் மற்றத் தந்திகள் தம் சுருதியிலேயே நிற்கும். மிடியின் ஒரு சானலில் சுருதியை வளைத்தாலோ அதில் ஒலிக்கும் எல்லா ஸ்வரங்களும் சேர்ந்து வளையும். ஸ்வரத்துக்கொரு சானல் ஒதுக்கும் எம்.பி.இ. பொது விதியாக ஏற்கப்பட 2018 ஆயிற்று. ஆனால் இதைவிட அடிப்படையான விளைவு வேறு. அசைவு எண்ணாகிவிட்டபின் எந்த அசைவையும் எந்த ஒலியோடும் இணைக்கலாம். கைக்கும் ஓசைக்கும் இடையிலிருந்த நியாயம் போய்விட்டது. இனி அதை வாசிப்பவனே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

1984இல் வைஸ்விஸ் செய்த ‘ஹாண்ட்ஸ்’ இந்தச் சிக்கலை நேராகச் சந்திக்கிறது. இரு கைகளிலும் மாட்டிக்கொள்ளும் சட்டங்கள். அவற்றில் விசைகள், சாய்வை அறியும் ஸ்விட்சுகள், கைகளுக்கிடையே உள்ள தூரத்தை அளக்கும் மீயொலி. தினம் ஒரு மாறுதல் செய்துகொண்டே போயிருக்கலாம். அவரோ ஒரு கட்டத்தில் கருவியைத் திருத்துவதை நிறுத்திவிட்டு, இருப்பதையே வருஷக்கணக்கில் பயின்றார். அவர் வாசிப்பை ஒளிப்பதிவில்தான் பார்த்திருக்கிறேன். கைகள் விலகும்போது பளுவான எதையோ இழுப்பதாகவே எனக்குப் படுகிறது. நடுவில் இருப்பது வெறும் காற்று. அந்தப் பளு பயிற்சி தந்தது.

ஸ்டைமைச் சேர்ந்த ஜோயல் ரயன் 1991இல் எழுதிய கட்டுரையில், எளிதாக்குவதே லட்சியம் என்ற பொறியியல் நோக்கை மறுத்து, உடலின் முயற்சி இசைக்கு அவசியம் என்று வாதிட்டார். தொடுதிரையின் குறையை இங்கிருந்துதான் பார்க்க வேண்டும். 2005இல் வந்த ‘லெமூர்’ முதற்கொண்டு, கண்ணாடியில் வரைந்த விசைகளை விரல் தானாக அறிவதில்லை. கண் பார்த்துச் சொல்ல வேண்டும். கண்ணுக்கு வேலை கொடுத்தவனின் காது பாதி மூடிவிடுகிறது. நண்பருக்கு என் பதில் இதுதான்: முயற்சி சபைக்குக் காட்டுவதற்காக அல்ல, வாசிப்பவன் தன்னைத் தானே கேட்பதற்காக. கண்ணாடியோடும் பத்து வருஷம் பழகினால் அது கைக்குப் பணியலாம். ஆனால் ஐபேட் வந்தபின் லெமூர் கருவியின் தயாரிப்பே நின்றுபோயிற்று. பழக நேரம் எங்கே?

இதைக் கவிதைப் பத்திரிகையில் எழுதக் காரணமுண்டு. யாப்பு போனபின் நம் நிலையும் இதுதான். எந்த வரியையும் எங்கும் உடைக்கலாம். யாப்புக்குத் திரும்பச் சொல்லவில்லை; கிடைத்த சுதந்திரம் உண்மையானது. ஆனால் கவிதைக்கொரு புது உருவம் தேடும் நம்மில் எத்தனை பேர், எடுத்துக்கொண்ட ஓர் உருவத்தோடு, அது நம்மை எதிர்க்கத் தொடங்கும்வரை இருந்திருக்கிறோம்? என் கவிதைகளை எடுத்துப் பார்த்தேன். நான் இருந்ததில்லை.