தோற்றமா, வகையா? 1 தெசலோனிக்கேயர் 5:22 குறித்து

பொல்லாங்கை விட்டு விலகுமாறு பவுலடிகளார் தெசலோனிக்கே சபையாருக்கு எழுதிய அறிவுரையை, பிறர் கண்ணுக்குத் தவறாகத் தெரியும் யாவற்றையும் தவிர்க்க வேண்டும் என்னும் பொருளில் நம் பிரசங்க பீடங்களில் அடிக்கடி கேட்கிறோம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலுள்ள ‘தோன்றுகிற’ என்னும் சொல் இதற்கு இடமளிக்கிறது. மூலமொழி இப்பொருளைத் தாங்குமா?

இங்கு வரும் கிரேக்கப் பதம் ‘எயிதோஸ்’. ‘காணுதல்’ என்னும் வேரினின்று பிறந்த இப்பதத்தின் முதற்பொருள், கண்ணுக்குப் புலப்படும் வடிவம் என்பதே. புதிய ஏற்பாட்டில் இது ஐந்தே இடங்களில் வருகிறது. ஆவியானவர் இறங்கிய வடிவத்தையும் (லூக். 3:22), மலையின்மேல் மாறிய ஆண்டவரின் முகத்தோற்றத்தையும் (லூக். 9:29), பிதாவின் ரூபத்தையும் (யோவா. 5:37) இது குறிக்கிறது. விசுவாசத்திற்கு எதிராக வைக்கப்படும் காட்சியும் (2 கொரி. 5:7) இதுவே. இந்நான்கு இடங்களிலும் ‘உண்மைக்கு மாறான வெளித்தோற்றம்’ என்னும் பொருள் இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். மலையின்மேல் அவர் முகம் மாறியதுபோல் தோன்றவில்லை, மெய்யாகவே மாறிற்று.

இப்பதத்திற்கு ‘வகை’ என்னும் பொருளும் உண்டு. எழுபதின்மர் மொழிபெயர்ப்பில் எரேமியா 15:3இல் கூறப்படும் நால்வகைத் தண்டனைகளுக்கு இச்சொல்லே ஆளப்படுகிறது. எகிப்தில் கிடைத்த பாப்பிரசு ஏடுகளிலும் ‘எல்லா வகையும்’ எனும் பொருளில் இது சாதாரணமாக வழங்குகிறது. இலத்தீன் வுல்காத்தா எடுத்தாண்ட ‘ஸ்பேசியஸ்’ என்னும் சொல் இருபொருளையும் தாங்கும். லூத்தரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பும் 1611ஆம் ஆண்டு ஆங்கிலத் திருமறையும் தோற்றம் என்னும் பொருளையே கொண்டன.

எப்பொருள் பொருந்தும் என்பதை முன்னுள்ள வசனங்களே தீர்க்கின்றன. தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணாமல், எல்லாவற்றையும் சோதித்து, நல்லதைப் பற்றிக்கொள்ளும்படி அப்போஸ்தலர் கூறுகிறார் (5:20–21). சோதனையில் தீயதெனத் தெளிந்ததை, அது எவ்வகையதாயினும், விலக்க வேண்டும் என்பதே அடுத்து வரும் முடிவு. தோற்றத்தைக் கண்டே விலகுவதாயின் சோதித்தறிதல் எதற்கு? முந்திய கட்டளையே வீணாகிவிடுமன்றோ!

சாட்சியைக் குறித்த கவலை வேண்டாம் என்று நாம் கூறவில்லை. பலவீனரை இடறச்செய்யலாகாது என்பதற்கு 1 கொரிந்தியர் 8ஆம் அதிகாரமும், காணிக்கைப் பணத்தில் மனிதர்முன்பும் நேர்மை விளங்க வேண்டும் என்பதற்கு 2 கொரிந்தியர் 8:20–21உம் போதிய ஆதாரம். ஆனால் அவ்விடங்களில் அளவுகோல் அன்பும் நேர்மையுமேயன்றி ஊராரின் ஐயம் அன்று.

ஆயக்காரரோடு பந்தியிருந்த ஆண்டவர் அவர்களுடைய சிநேகிதன் என்ற பழிச்சொல்லை ஏற்றார், தோற்றத்தின்படி தீர்ப்புச் செய்யாதிருக்கவும் கற்பித்தார் (யோவா. 7:24). குடிகாரனின் வீட்டுப்படி ஏறவும், சமூகம் ஒதுக்கியவரோடு உண்ணவும் முன்வரும் இளம் போதகரை இவ்வசனத்தைக் காட்டித் தடுப்போமாயின், திருமறையைக் கொண்டே திருப்பணியைத் தடுத்தவர்களாவோம். ‘பொல்லாங்கின் எல்லா வகைகளையும்’ என்று வாசிப்பதே மூலத்திற்கு நேர்மையானது.